நூஹ் நபி கப்பலை விட்டு இறங்கிய பிறகு

நூஹ் நபி (அலை) கட்டிய கப்பல் ஜூதி மலைமேல் போய் நின்றது என்று குர்ஆன் சொல்கிறது. மழை நின்றது, வெள்ளம் வடிந்தது, காரியம் முடிந்தது. அதற்கப்புறம் அந்தக் கப்பல் எங்கேயும் போனதாகச் செய்தி இல்லை. ஊர் கூடிக் கேலி பேசியபோதும் பலகை மேல் பலகை வைத்து ஆணி அடித்துக் கட்டிய கப்பல், ஒரே ஒரு பயணம்தான் போனது. நிலத்தில் கால் வைத்தவர், மலைமேல் நிற்கும் அந்தக் கப்பலை ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்போது அவர் மனசில் என்ன இருந்திருக்கும்? நன்றி இருந்திருக்கும், அது நிச்சயம். அதோடு கூட வேறொன்றும் இருந்திருந்தால் அது ஈமானுக்குக் குறைச்சலா?

என் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. அவர் சரக்கு விமானம் ஓட்டியவர். ஓட்டிய விமானத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதோடு அவர் ஓட்டுவதும் முடிந்தது.

எனக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் லாட் கடை. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சுவது, ஆர்டர் ரத்தாகித் தேங்குவது, செக்கிங்கில் ஒதுக்குவது எல்லாம் எங்கள் சந்துகளுக்குத்தான் வந்து சேரும். கேரளத்துக்காரரும் வடநாட்டு வியாபாரிகளும் பண்டல் பண்டலாக எடுத்துப் போவார்கள். நைஜீரியர்கள் வந்து வாங்கிய காலமும் உண்டு. கடை போடுவதற்கு முன்னால் ரொம்ப வருஷம் ஒரு கம்பெனியில் ஷிப்பிங் பார்த்தேன். அதனால் சரக்கு விமானம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். திருப்பூர்க்காரர்கள் பலருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நாங்கள் யாரும் நினைப்பதில்லை.

ஒரு டி-ஷர்ட் கடைக்குப் போய்ச் சேரும் முன் அதன் சாம்பிள் எத்தனை தடவை பறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் மாதிரி ஒன்று, அளவு பார்க்க ஒன்று, எல்லா சைஸிலும் ஒரு செட், உற்பத்திக்கு முன் கடைசியாக ஒன்று. ஒவ்வொன்றும் கூரியர் கவரில் சாயங்காலம் புறப்படும். ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஒரு சரக்கு விமானத்தின் வயிற்றில் கிடந்து கடல் தாண்டும். மொத்த ஆர்டர் கப்பலில்தான் போகும். தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு மாதம் போல ஆகும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பின், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனதில் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூடிப்போனது. டெலிவரி தப்பினால் பையர் ஒரே வார்த்தை சொல்வார்: ‘ஏர் பண்ணு.’ செலவு நம் தலையில். பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது விமானக் கணக்கில் எத்தனை கிலோ என்பது. ஹூடி மாதிரி பொசுபொசுவென்ற சரக்கென்றால் நிஜ எடையை விட்டுவிட்டு இந்த எடைக்குத்தான் பில் போடுவார்கள். அந்த பில்லைப் பார்த்து முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரியை அமலுக்குக் கொண்டுவந்தபோது, அந்தத் தேதிக்குள் சரக்கு போய் இறங்கிவிட வேண்டுமென்று ஊரே ஓடியது. அந்த ஓட்டத்தின் மறுமுனையில் தூங்காமல் இருந்தவர்கள் சரக்கு விமானிகள்.

அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி, அமெரிக்காவில் லூயிவில் விமான நிலையத்திலிருந்து ஹோனலூலுவுக்குக் கிளம்பிய யூபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று, மேலெழும்பும்போதே இடது எஞ்சின் கழன்று, விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த மூன்று விமானிகளும் போய்விட்டார்கள். தரையில் இருந்தவர்களும் செத்தார்கள். எம்டி-11 என்ற ரகம் அது. உலகத்திலேயே மொத்தம் 200 தான் கட்டினார்கள். கடைசி விமானம் 2001-ல் கம்பெனியை விட்டு வெளியே வந்தது. விபத்து நடந்து நாலு நாளில் அந்த ரகம் முழுவதையும் பறக்கக் கூடாதென்று அமெரிக்க அரசு நிறுத்தியது. 2026 ஜனவரியில், எம்டி-11 விமானங்கள் எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டதாக யூபிஎஸ் சொன்னது. இதே ரகத்தை லுஃப்தான்ஸா கார்கோ 1998 முதல் ஓட்டி, 2021 அக்டோபர் 17-ல் நியூயார்க்கிலிருந்து பிராங்பர்ட்டுக்குக் கடைசிப் பயணம் விட்டு வழியனுப்பி வைத்தது. அங்கே நாள் குறித்துச் செய்தார்கள். இங்கே ஒரு விபத்து நாள் குறித்தது.

இந்தச் செய்தியை அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். மச்சான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, “இன்னா லில்லாஹ்” என்றார். அப்புறம் கேட்டார்: “பறந்துட்டு இருந்த பசங்கள என்ன பண்ணப் போறாங்களாம் மாப்ளே?” பேப்பரில் அது இல்லை. விமானம் எத்தனை, நஷ்டம் எத்தனை கோடி டாலர் என்பதெல்லாம் இருந்தது.

கார் ஓட்டத் தெரிந்தவர் எந்தக் காரையும் ஓட்டுவார். லைசென்ஸில் மாருதி என்றோ டாடா என்றோ எழுதியிருக்காது. விமானிக்கு அப்படிக் கிடையாது. எந்த ரகத்தில் பயிற்சி எடுத்தாரோ அந்த ரகத்தின் பெயர் லைசென்ஸில் ஏற வேண்டும். ரகம் மாறினால் மறுபடி வகுப்பு, மறுபடி சிமுலேட்டர், மறுபடி பரீட்சை. மாதக்கணக்கில் ஆகும். கம்பெனிக்கு அது பெரிய செலவு. இதற்கு மேல் இன்னொரு விதி: தொண்ணூறு நாளைக்குள் மூன்று தடவை ஏற்றி மூன்று தடவை இறக்கியிருக்க வேண்டும். தவறினால், பல்லாயிரம் மணி நேரம் பறந்தவரானாலும் மறுபடி செய்து காட்டும்வரை அந்த விமானத்தைப் பயணத்துக்கு எடுத்துப் போக முடியாது. செய்து காட்ட விமானமே இல்லையென்றால்?

மச்சான் 1970 வாக்கில் விமானப்படையில் சேர்ந்தவர். ஆன்டனோவ்-12 என்ற ரஷ்யச் சரக்கு விமானம் ஓட்டினார். 1962 சீனப் போரில் டாங்கியையே சுஷூலுக்குத் தூக்கிப் போன ரகம் அது. அதன் மூக்கில் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கும். அதற்குள் உட்கார்ந்து வழி சொல்ல நேவிகேட்டர் என்று ஒருவர். எஞ்சினைக் கவனிக்க ஒருவர், ரேடியோவுக்கு ஒருவர். 1993-ல் ஆன்டனோவ்-12 ஓய்வு பெற்றது. மச்சானுக்கு அப்போது நாற்பத்தைந்து. பென்ஷனோடு வெளியே வந்து, புது விமானம் படித்து, வளைகுடாவில் ஒரு சின்னச் சரக்குக் கம்பெனியில் போயிங் 737-200 ஓட்டப் போனார். “எனக்கு நாற்காலி இருந்துச்சு. என் நேவிகேட்டருக்கு எந்த ஏரோப்ளேன்லயும் நாற்காலி இல்ல” என்பார். ஏர் இந்தியாவின் பழைய 747-ல் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் ஃப்ளைட் எஞ்சினியருக்கென்று மூன்றாவது இருக்கை இருந்தது. 1993-ல் வந்த 747-400-ல் அது இல்லை. ஒரு தொழிலே உலகத்திலிருந்து எழுந்து போனது. அவர்களுக்காக யாரும் பெரிதாக அழுததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்திலேயே நடந்ததுதான் இது. சென்னையைத் தளமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் 1996-ல் இதே 737-200 சரக்கு விமானங்களை வைத்துத்தான் இரவுச் சேவையைத் தொடங்கியது. 2006-லிருந்து பெரிய 757 வரத் தொடங்கியது. பழையவை ஒவ்வொன்றாக விடைபெற்றன. கேப்டன் கோபிநாத் 2009-ல் தொடங்கிய டெக்கான் 360 என்ற சரக்குக் கம்பெனி இரண்டு வருஷத்துக்குள் நின்றுபோனது. இறக்கை உள்ள எந்தத் தொழிலும் இப்படித்தான் என்று மச்சானுக்கும் தெரியும். தெரிந்திருப்பதும் தாங்குவதும் வேறு வேறு.

2009-ல் அவர் கம்பெனி 737-200 எல்லாவற்றையும் நிறுத்தியது. அவருக்கு அறுபத்தொன்று. சட்டப்படி அறுபத்தைந்து வரை ஓட்டலாம். ஆறு மாதத்துக்கொரு தரம் வரும் மெடிக்கலில் ஒரு குறை கிடையாது. இளைய விமானிகளைப் புது ரகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அறுபது தாண்டியவர்களை விட்டுவிட்டார்கள். நாலு வருஷம் மட்டும் ஓட்டப் போகிறவருக்கு எதற்குச் செலவு என்பது கணக்கு. இதை அவரிடம் நேரில் சொன்னவர் யாரும் இல்லை. விமானத்தைப் பாலைவனத்தில் உடைக்கிற இடத்துக்கு எடுத்துப் போகிறார்கள் என்று அவருக்குச் சொன்னது, சரக்கு ஏற்றுகிற ஒரு தமிழ்ப் பையன். தன் செலவில் பயிற்சி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் சொல்லக் கூப்பிட்ட அதிகாரி, கை குலுக்கிவிட்டு, ரிஸ்க் (இறைவன் அளக்கும் படி) அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வார்த்தையைத்தான் நான் இத்தனை வருஷமாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்தபின் மச்சானை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். காசுக்குக் குறையில்லை. பென்ஷன் வந்தது, மகன் நன்றாக இருந்தான். ஆனால் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது வலது கை முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். விரல்கள் லேசாக வளைந்து, இல்லாத எதையோ தொட்டுக்கொண்டிருக்கும். கேப்டன் இடப்பக்கம் உட்காருவார், அவர் வலது முழங்காலை ஒட்டி ட்ரிம் வீல் என்று ஒரு பெரிய சக்கரம் இருக்கும், விமானத்தின் மூக்கைச் சமன் செய்ய அது தானே கடகடவென்று சுற்றும், அதன் சத்தத்தை வைத்தே விமானம் என்ன நினைக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று ஒருநாள் விளக்கினார். அந்தச் சக்கரத்துக்குத்தான் கை போய்க்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துவிடுவார். வருஷக்கணக்கில் ராத்திரியில் வேலை பார்த்த உடம்பு. எழுந்தவர் தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகை தொழுவார். அக்கா அதைப் பார்த்து, “இப்பத்தான் அல்லாஹ் இவுங்களுக்கு நேரம் கொடுத்திருக்கான்” என்று சந்தோஷப்பட்டாள். அது உண்மைதான். தொழுகை முடிந்து அவர் மொட்டை மாடிக்குப் போய் நிற்பதும் உண்மை. சூலூர் விமானப்படைத் தளம் இங்கிருந்து தூரமில்லை. அங்கே இருக்கும் ஆன்டனோவ்-32 ஏதாவது பகலில் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். அது போய் முடிந்தபின்தான் விட்ட இடத்திலிருந்து பேசுவார்.

கம்பெனியின் கடைசி 737-200 நின்றதிலிருந்து தொண்ணூறாம் நாளைக் காலண்டரில் அவர் வட்டமிட்டிருந்ததை அக்கா காட்டினாள். அன்றைக்கு அவர் எதுவும் சாப்பிடவில்லையாம்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதே ஆறுதலைத்தான் சொன்னார்கள். ரிஸ்க் எங்கேயும் போகாது. படைச்சவன் பார்த்துக்கொள்வான். ஒரு கதவு மூடினால் ஒன்பது கதவு திறப்பான். சொன்னவர்கள் நல்லவர்கள்தான். சொன்ன விஷயமும் சத்தியம். எனக்கும் அதில் ஈமான் உண்டு. ஆனாலும் அந்த வார்த்தை அவர் மேல் விழும்போதெல்லாம் அவர் இன்னும் கொஞ்சம் குறுகுவதைப் பார்த்தேன். ஏனென்றால் அவர் ரிஸ்க்கைப் பற்றிப் புலம்பவே இல்லை. சோற்றுக்கு வழியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் இழந்தது கூலியை அல்ல, செய்கையை. அந்தக் கைக்குத் தெரிந்த ஒன்று இனி யாருக்கும் வேண்டாம் என்றானதுதான் அவர் துக்கம். அந்தத் துக்கத்துக்கு ரிஸ்க் பதிலாகாது.

அப்படித் துக்கப்படலாமா என்பதுதான் மார்க்கக் கேள்வி. துனியாவின் சாமானுக்காக, அதுவும் ஒரு இரும்பு மிஷினுக்காக, மனசு உடைவது சபூர் இல்லாத குணம் என்று ஜும்ஆ முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சொன்னார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். யஃகூப் நபி மகனைப் பிரிந்து அழுதே கண் வெளுத்துப்போனார். அவர் பொறுமையை அழகிய பொறுமை என்றுதான் குர்ஆன் காட்டுகிறது. அழுகையையும் பொறுமையையும் ஒரே ஆளிடம் வைத்துக் காட்டுகிறது. நம் நபி (ஸல்) தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அழுதார்கள். மகனும் மிஷினும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. ஆனால் மனுஷனுடைய வேலை வெறும் மிஷினும் இல்லை. தாவூது நபிக்கு இரும்பை இளக்கிக் கொடுத்துக் கவசம் செய்யச் சொன்னவன் இறைவன். ஸகரிய்யா நபி தச்சர். இத்ரீஸ் நபி தையல்காரர் என்று மரபில் சொல்லுவார்கள், எங்கள் ஊர் டெய்லர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. நபிமார்களுக்கே கைத்தொழிலைக் கொடுத்தவன், அந்தக் கை சும்மா கிடக்கும்போது மனசு வலிப்பதை அறியாதவனா?

இமாம் கஸ்ஸாலியின் வாழ்க்கையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். பாக்தாதின் நிஜாமிய்யாவில் தலைமை ஆசிரியர். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய நாற்காலி கிடையாது. 1095-ல் பாடம் நடத்த வாயைத் திறந்தவருக்குப் பேச்சு வரவில்லை. சோறு இறங்கவில்லை. வைத்தியர்கள் கைவிட்டார்கள். எந்த நாக்கை வைத்து அவர் கஸ்ஸாலியோ அந்த நாக்கு நின்றுபோனது. எல்லாவற்றையும் விட்டு டமாஸ்கஸ், ஜெருசலம், மக்கா என்று போனார். பதினோரு வருஷம் கழித்து 1106-ல் நைசாபூரில் மறுபடி பாடம் சொல்லித் தந்தார். திரும்பி வந்ததைப் பழைய இடத்துக்கே வந்ததாக அவர் எண்ணவில்லை. முன்பு பேர் கிடைக்கிற அறிவைச் சொல்லித் தந்தேன், இப்போது பேரை விடச் சொல்கிற அறிவைச் சொல்லித் தருகிறேன் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய ஆறுதல் இது! ஆனால் கவனிக்க வேண்டும், நாற்காலியை விட்டவர் அவர். மச்சானிடமிருந்து நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள். விடுவது ஒரு அமல். பறிக்கப்படுவது ஒரு சோதனை. இரண்டையும் ஒரே தராசில் போட்டு, “கஸ்ஸாலியைப் போல நீங்களும் விட்டுவிடுங்கள்” என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அதே கஸ்ஸாலி தம் பெரிய நூலான இஹ்யாவில் தவக்குல் (இறைவனையே சார்ந்திருப்பது) பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். பசித்தவன் எதிரில் சோற்றை வைத்துக்கொண்டு கையை நீட்டாமல் உட்கார்ந்தால் அது தவக்குல் ஆகாது, புத்திக் கேடு என்கிறார். காரணங்களையும் படைத்தவன் அவன்தான், காரணத்தைத் தொடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. அப்படியென்றால் தன் செலவில் பயிற்சி எடுக்கிறேன் என்று விண்ணப்பம் கொடுத்த மச்சான் தவக்குல் உள்ளவர். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டு ரிஸ்க் பேசிய அதிகாரி, அடுத்தவர் எதிரிலிருந்த சோற்றை நகர்த்தி வைத்துவிட்டு அவருக்குத் தவக்குல் கற்பித்தவர். ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது என்பது இழந்தவன் தன் வாயால் சொல்ல வேண்டிய வார்த்தை. அவன் சொன்னால் இபாதத். எடுத்தவன் சொன்னால் அது கணக்கை முடிக்கிற சூழ்ச்சி. வார்த்தை ஒன்றுதான். வாய்தான் வேறு.

எங்கள் கடையில் தினமும் நடக்கிற வேலை ஒன்றைச் சொல்கிறேன். ரத்தான ஆர்டர் வந்தால் முதல் வேலை லேபிள் வெட்டுவது. பிராண்டின் பேர் வெளியே போகக் கூடாது என்பது கம்பெனியோடு பேசிய பேச்சு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கழுத்துப் பட்டியில் லேபிள் தைத்திருக்கிற இரண்டு ஓரத்தையும் சின்னக் கத்தரியால் நறுக்குவார்கள். அவசரப்பட்டால் துணியில் ஓட்டை விழும், பீஸ் செகண்ட்ஸ் ஆகிவிடும். பக்குவமாக நூலை மட்டும் எடுத்தால் லேபிள் இருந்த தடமே தெரியாது. அதே பருத்தி, அதே தையல், அதே சாயம். பேர் மட்டும் போயிருக்கும். விலை கால்வாசியாகிவிடும். மச்சானைப் பற்றி நினைக்கும்போது இதுதான் ஞாபகம் வரும். கேப்டன் என்ற லேபிளை எடுத்தால் உள்ளே அதே ஆள்தானே என்று. பிறகு யோசித்தால், சட்டைக்குத் தன் லேபிள் தெரியாது. மனுஷனுக்குத் தெரியும். அதனால் வெட்டுகிற கை இன்னும் பக்குவமாக இருக்க வேண்டும். எங்கள் கடைப் பெண்கள் ஒரு டி-ஷர்ட்டிடம் காட்டுகிற கவனம், வருஷக்கணக்கில் ராத்திரி கண் விழித்தவரிடம் காட்டப்படவில்லை.

விமானத்தை நிறுத்தியதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எம்டி-11-ஐ நிறுத்தியது சரி, உயிர் போயிருக்கிறது. 737-200 சத்தமும் எண்ணெய்ச் செலவும் மிகுந்த பழைய ரகம், அது போக வேண்டியதுதான். எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்த யாரும் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. கீழே விவசாயம் பார்த்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? ஆனால் விஞ்சில் துணியைப் போட்டு, தண்ணியின் சூட்டைப் புறங்கையால் தொட்டே சொல்லுகிற சாய மாஸ்டர்கள் அந்த மாதம் என்ன ஆனார்கள்? பட்டறை மறுபடி திறந்தபோது பல இடத்தில் புது மிஷின், புது ஆள். பழைய மாஸ்டர் ஒருவர் எங்கள் சந்தில் பண்டல் தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் எல்லாரும் ரிஸ்க் பேசினார்கள், அவர் இந்துவாக இருந்ததால் ‘ஆண்டவன் படியளப்பான்’ என்று சொன்னார்கள். 2023 ஜூனில் பனியன் பஜாரில் தீப்பிடித்து ஏறத்தாழ 50 கடை ஒரே ராத்திரியில் சாம்பலானது, பக்ரீதுக்கு ஒரு வாரம் கூட இல்லை. அப்போது கடைக்காரர்கள் மந்திரி வரை போனார்கள், கடன் கேட்டார்கள், வசூல் நடந்தது. முதல் போட்டவனுக்கு நஷ்டம் வந்தால் நாம் வழி தேடுகிறோம். கைத்தொழில் போட்டவனுக்கு நஷ்டம் வந்தால் வேதம் சொல்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

கற்ற தொழிலை நம் பெரியவர்கள் அமானத் என்பார்கள். இறைவன் நம்மிடம் ஒப்படைத்து வைத்த பொருள், ஒருநாள் திருப்பித் தர வேண்டியது. மச்சானும் இதை நம்புகிறவர்தான். “அவன் கொடுத்த கை, அவனே எடுத்தான்” என்று அவர் ஒருநாள் சொன்னபோது அதில் கசப்பே இல்லை. ஆனால் அமானத்துக்கு ஒரு முறை இருக்கிறது. ஒப்படைத்ததை உரியவரிடம் சேர்க்கச் சொல்கிறது குர்ஆன். திருப்பி வாங்குகிறவன் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டாமா? மச்சானுக்குத் தெரிந்தது என்னென்ன என்று அந்தக் கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. பாலைவனத்தில் கோடைப் பகலில் காற்று மெலிந்துபோய் விமானம் எழும்ப மறுக்கும்போது எத்தனை கிலோ இறக்கிவிட்டுக் கிளம்புவது, ஒரு பக்கம் கனம் கூடினால் ஓடுபாதையில் அது எப்படி உடம்பில் தெரியும், இதெல்லாம் புத்தகத்தில் ஓரளவுதான் இருக்கும். ரகம் மாறினாலும் பாதி அறிவு மாறாது. வகுப்பில் உட்கார வைத்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருந்தால் கண்ணீர் விட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்திருப்பார். கேட்காமல் வாங்கிக்கொண்டது அமானத்தைத் தெருவில் போட்டதற்குச் சமம். அந்தக் குற்றம் அவர்மேல் இல்லை.

நூஹ் நபியிடம் திரும்பி வருகிறேன். கப்பலில் ஏறச் சொல்லும்போது, அது ஓடுவதும் இறைவன் பேரால், நிலைகொள்வதும் இறைவன் பேரால் என்று நூஹ் நபி சொன்னதைக் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. வண்டியில் ஏறும்போது நம்மில் பலர் ஓதுகிற வசனம்தான். நாம் ஓடுவதற்காக மட்டும் ஓதுகிறோம். நிற்பதும் அதே பேரைச் சொல்லி நடக்க வேண்டிய காரியம் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு விமானத்தை, ஒரு பட்டறையை, ஒரு மிஷினை நிறுத்துகிற அன்றைக்கு, தொடங்கின அன்றைக்கு இருந்த அதே நிய்யத்தும் மரியாதையும் இருக்க வேண்டும். மச்சானின் கம்பெனியில் முதல் விமானம் வந்தபோது ஃபாத்திஹா ஓதி இனிப்புக் கொடுத்தவர்கள், கடைசி விமானம் போனபோது ஓட்டியவரைக் கூப்பிடவே இல்லை. நூஹ் நபியை இறக்கும்போது அப்படி இறக்கவில்லை. உனக்கும் உன்னோடு இருக்கிறவர்களுக்கும் சாந்தியும் பரக்கத்தும் உண்டு, இறங்கு என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இறங்குவதற்கென்று தனியாக ஒரு அழைப்பு வந்தது.

இப்போது எங்கள் ஊரில் கட்டிங் மாஸ்டர்கள் முறை. கம்ப்யூட்டரில் அளவு போட்டால் தானே வெட்டுகிற மிஷின் பெரிய கம்பெனிகளுக்கு வந்துவிட்டது. துணியை விரித்துப்போட்டு, இது சுருங்கும், இதை ஒரு ராத்திரி ஆற விடு என்று கையால் தடவிச் சொன்னவர்கள் வெளியே வரத் தொடங்கியிருக்கிறார்கள். மிஷின் வரட்டும், நான் தடுக்கச் சொல்லவில்லை. இதைப் படிக்கிற முதலாளிமார்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் மாஸ்டரை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். செய்தியை நீங்களே சொல்லுங்கள், லோடுமேன் சொல்லிக் கேள்விப்பட விடாதீர்கள். புது மிஷினில் உட்கார முதல் வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள், வயசைக் காரணம் காட்டாதீர்கள். அவர் முடியாது என்றால், தெரிந்ததையெல்லாம் இளையவர்களுக்குச் சொல்லித் தர ஆறு மாதச் சம்பளம் கொடுங்கள். இதெல்லாம் செய்து முடிக்கும்வரை ரிஸ்க்கைப் பற்றி அவரிடம் தயவுசெய்து பேசாதீர்கள்.